அரபுத் தாளும் கரி மையும்: கெடவே கெடாது என்று யார் சொன்னது?

2023 ஜூன் 11, மாலை (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டில் பூட்டனார் காலத்து அரபுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருக்கிறது. ஃபிக்ஹு (இஸ்லாமியச் சட்டம்) நூல் என்கிறார்கள். பழைய அரபுத் தாள் முழுக்கப் பருத்தி, மை வெறும் விளக்குக்கரி, அதனால் ஆயிரம் வருடம் ஆனாலும் ஒன்றும் ஆகாது என்று ஒரு கூட்டத்தில் பேசக் கேட்டேன். மத்திய ஆசியாவில் அரபுகளோடு நடந்த தலாஸ் போரில் பிடிபட்ட சீனர்கள் சொல்லிக்கொடுத்த வித்தையாம். ஆனால் எங்கள் பிரதியில் சில பக்கங்களில் எழுத்து இருக்கும் இடம் மட்டும் பொடிந்து விழுகிறது, சுற்றியுள்ள தாள் திடமாக இருக்கிறது. பூச்சியா? லேமினேட் செய்துவிடலாமா?

2023 ஜூன் 11, இரவு

லேமினேட் செய்யாதீர்கள். மற்றதை நாளை எழுதுகிறேன்.

பூச்சி இல்லை. பூச்சிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. வரியோடு வரியாகப் பொடிகிறது என்றால் தின்பது மைதான்.

2023 ஜூன் 12

நீங்கள் கேட்ட பேச்சில் பருத்திக் கதை ஐரோப்பாவிலேயே பல நூற்றாண்டு ஓடிய கதை. கிழக்கிலிருந்து வந்த பழைய தாளெல்லாம் பருத்தி என்று அங்கே நம்பினார்கள். 1880களில் எகிப்தின் ஃபய்யூம் பக்கம் தோண்டியெடுத்த தாள் துண்டுகள் வியன்னாவுக்குப் போயின. யூலியஸ் வீஸ்னர் என்ற தாவரவியலாளர் அவற்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். தெரிந்தது கந்தல் துணி. பெரும்பாலும் ஆளிச்செடி நாரில் நெய்த லினன், கொஞ்சம் கஞ்சாச் செடி நார். (அந்தக் காலத்தில் அது கயிற்றுக்கும் பாய்மரத்துக்கும் போனது, யாரும் சிரிக்க வேண்டாம்.) தாளின் மேல் மாவுக்கஞ்சி பூசியிருந்தார்கள் என்பதையும் அவர் கண்டுபிடித்தார். 1887-ல் அச்சில் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் மேடைகளில் பருத்தி போகவில்லை.

கந்தலுக்கு எவ்வளவு கிராக்கி இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 1200-ஐ ஒட்டி எகிப்துக்குப் போன பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், பாலைவனத்து ஆட்கள் பழைய கல்லறைகளில் மம்மிகளைச் சுற்றியிருந்த துணியை உருவிக்கொண்டு வந்து காகிதக்காரர்களிடம் விற்றார்கள், அதில் மளிகைக்கடைப் பொட்டலத் தாள் செய்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஃபாரோ காலத்துத் துணியில் சீரகம் மடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

2023 ஜூன் 12, பிற்பகல்

தலாஸ். 751-ல் போர் நடந்தது உண்மை. சீனக் கைதிகள் சமர்கந்தில் (இன்றைய உஸ்பெகிஸ்தான்) காகிதம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள் என்பதை நமக்குச் சொல்பவர் அஸ்ஸஆலிபி என்ற எழுத்தாளர். அவர் இறந்தது 1038-ல். கிட்டத்தட்ட முந்நூறு வருடம் கழித்து வந்த செய்தி. அதே போரில் பிடிபட்டு ஊர் திரும்பிய தூ ஹுவான் என்ற சீனர், இன்றைய ஈராக்கின் கூஃபா நகரில் தான் கண்ட சீனக் கைவினைஞர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். நெசவாளர் வருகிறார், ஓவியர் வருகிறார், தட்டார் வருகிறார். காகிதக்காரரைக் காணோம்.

அதைவிட வலுவான ஆதாரம் ஒன்று இருக்கிறது. 1907-ல் ஆரல் ஸ்டைன் என்ற தொல்லியலாளர் சீனாவின் துன்ஹுவாங்குக்கு மேற்கே ஒரு காவல்கோபுரத்தில் சோக்திய (சமர்கந்து பக்கத்து) வணிகர்களின் கடிதக் கட்டைக் கண்டெடுத்தார். நான்காம் நூற்றாண்டின் தொடக்கம், எல்லாமே தாளில். அதில் ஒன்று சமர்கந்துக்கு அனுப்பியது. தலாஸுக்கு நானூறு வருடம் முன்னாலேயே சமர்கந்து வணிகன் தாளில் கணக்கும் புலம்பலும் எழுதிக்கொண்டிருந்தான். எனவே யாரும் ஒரே நாளில் யாரிடமும் கற்கவில்லை. வணிகப் பாதையில் மெல்ல நகர்ந்து வந்த தொழில் இது. சீனாவில் மரப்பட்டை நார், மத்திய ஆசியாவில் கந்தல், கிடைத்ததை வைத்துச் செய்தார்கள்.

இன்று சமர்கந்து பக்கத்தில் கோனிகில் கிராமத்தில் சுற்றுலாக்காரர்களுக்குச் செய்து காட்டுவது முசுக்கொட்டைப் பட்டைத் தாள். அழகான தாள். ஆனால் பழைய அரபு நூல்களில் நாம் தொட்டுப் பார்ப்பது பெரும்பாலும் கந்தல்.

2023 ஜூன் 13

"அப்படியானால் தாள் ஏன் இவ்வளவு நாள் தாங்குகிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

சுண்ணாம்பு. பதினோராம் நூற்றாண்டில் இன்றைய துனீசியாவை ஆண்ட முஇஸ் இப்னு பாதீஸ் பெயரில் வழங்கும் ஒரு கைநூலில் காகிதம் செய்யும் முறை இருக்கிறது. நாரைச் சுண்ணாம்பு நீரில் ஊற வை, கையால் கசக்கு, வெயிலில் காய வை, மறுபடி ஊற வை. இப்படியே பல நாள். அப்புறம் சுண்ணாம்பு போகும்வரை நல்ல தண்ணீரில் அலசி, உரலில் இடித்து, அச்சில் அள்ளி, சுவரில் ஒட்டிக் காய வைத்து, மாவுக்கஞ்சி பூசித் தேய்த்து வழவழப்பாக்கு. என்ன அலசினாலும் கொஞ்சம் சுண்ணாம்பு நாரோடு தங்கிவிடும். காற்றில் வரும் அமிலத்தையும் தாளுக்குள் உருவாகும் அமிலத்தையும் அது தின்றுகொண்டே இருக்கும். லைடன் பல்கலைக்கழகத்தில் அபூ உபைது நபிமொழிகளின் அரிய சொற்களை விளக்கி எழுதிய ஃகரீபுல் ஹதீஸ் நூலின் பிரதி ஒன்று இருக்கிறது. ஹிஜ்ரி 252, அதாவது 866. தாளில் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய தேதியிட்ட அரபு நூல்களில் ஒன்று.

ஆக வயது பெரிய விஷயமில்லை, செய்முறைதான் விஷயம். மைக்கும் இதே கதை.

2023 ஜூன் 15

மை. இதில்தான் உங்கள் பூட்டனார் பிரதியின் வியாதி இருக்கிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அரபு உலகில் இரண்டு வகைக் கறுப்பு மை. ஒன்று கரி மை: எண்ணெய் விளக்கின் கரியைப் பிசினோடு குழைத்தது. இன்னொன்று மாசிக்காய் மை: கருவாலி மரத்தில் ஒருவகைக் குளவி முட்டையிடும்போது உண்டாகும் முண்டுக் காயின் சாறும் அன்னபேதியும் (இரும்பு உப்பு) சேர்ந்தது. கரி மை வேதியியல்படி சோம்பேறி, யாரோடும் சண்டைக்குப் போகாது, வெயிலில் வெளிறாது. தண்ணீர் பட்டால் மட்டும் கரையும். மாசிக்காய் மை நாருக்குள் இறங்கி உட்காரும், எளிதில் அழியாது. ஆனால் அதில் அமிலமும் உண்டு, மிச்சமிருக்கும் இரும்பும் உண்டு. அமிலம் நாரை வெட்டும். காற்றிலிருக்கும் ஆக்சிஜன் நாரை அரிக்க இரும்பு கைகொடுக்கும். எழுத்து முதலில் பழுப்பாகும், பின்பக்கம் ஒளிவட்டம் போல நிறம் தெரியும், பிறகு விரிசல், கடைசியில் எழுத்து மட்டும் கழன்று விழும்.

இதை நானே செய்து பார்த்தேன். எந்த நாட்டுமருந்துக் கடையிலும் எல்லாச் சரக்கும் கிடைக்கும்: மாசிக்காய், அன்னபேதி, கருவேலம்பிசின். கடைக்காரர் "யாருக்கு வயிற்றுக் கோளாறு?" என்று கேட்டார். மாசிக்காயை ஒன்றிரண்டாக இடித்து, ஊற வைத்து, துணியில் வடிகட்டினால் தேநீர் நிறத்தில் துவர்ப்பு நீர். அதில் அன்னபேதியின் வெளிர்பச்சைக் கட்டியைப் போட்டதும் கிண்ணத்துக்குள் மேகம் கட்டி ஊதாக் கறுப்பாகிறது. ஆனால் நாணல் பேனாவில் தொட்டு எழுதியபோது வரி சாம்பல் நிறத்தில்தான் விழுந்தது. வெளிறிப்போயிருக்கிறதே என்று நினைத்துப் பக்கத்தை மூடிவிட்டு, மறுநாள் திறந்தால் நல்ல கறுப்பு. காற்று பட்டுத்தான் கறுக்கும். பழைய எழுத்தர்கள் கொஞ்சம் கரியையும் சேர்த்ததற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கும் என்று எனக்குப் படுகிறது, எழுதும்போதே கண்ணுக்குத் தெரிய வேண்டுமே.

அன்னபேதியை வேண்டுமென்றே கூட்டி இன்னொரு கிண்ணம் செய்தேன். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் திருப்பினால் வரிகளைக் கண்ணாடியில் படிப்பது போலப் படிக்கலாம். மாசிக்காய் தூக்கலாக இருந்த கிண்ணத்தில் எழுதியது அப்படி ஊடுருவவில்லை.

2023 ஜூன் 15, இரவு

"ஒரே புத்தகத்தில் சில பக்கம் மட்டும் ஏன்?" என்றால், எழுத்தர் மை தீர்ந்து புதுக் கூட்டு கலக்கிய நாள் அது. அல்லது எழுத்தரே மாறிய இடம். கையெழுத்தைக் கவனித்துப் பாருங்கள்.

2023 ஜூன் 17

சிலர் "கறுப்பாக இருந்தால் கரி, பழுப்பாக இருந்தால் மாசிக்காய்" என்று எழுதியிருக்கிறீர்கள். கண்ணை நம்பாதீர்கள். இரண்டும் கலந்த மைக்குக் குறிப்புகளும் உண்டு, பிரதிகளும் உண்டு. கெய்ரோ யூதக் கோயிலின் பழந்தாள் குவியலில் அப்படிக் கலந்தது கிடைத்திருக்கிறது.

ஆய்வுக்கூடத்தில் எளிய சோதனை அகச்சிவப்பு ஒளி. சின்ன யு.எஸ்.பி. நுண்ணோக்கியில் 940 நானோமீட்டர் விளக்கு இருந்தால் போதும். கரி மை அப்படியே கறுப்பாக நிற்கும், மாசிக்காய் மை மங்கும், இரும்பில்லாத தாவர மை மறைந்தே போகும். இன்னொன்று, பாத்தோஃபினாந்த்ரோலின் என்று வாயில் நுழையாத பெயருள்ள ஒரு ரசாயனம் தோய்ந்த தாள்துண்டு. லேசாக ஈரப்படுத்தி எழுத்தின் மேல் ஒற்றினால், வினை புரியும் இரும்பு இருந்தால் ரோஜா நிறமாகும். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். ஈரம் கொஞ்சம் கூடினாலும் இரும்பு பக்கத்து நாருக்கு நடந்து போய்விடும்.

2023 ஜூன் 18 (இழையைத் தொடங்கியவர்)

தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். தாளுக்குள் ஒரு மகுடமும் கீழே 18 என்று தொடங்கும் ஒரு ஆண்டும் தெரிகிறது! அரபு எண் இல்லை, நாம் எழுதும் எண்தான்.

2023 ஜூன் 18, சற்று நேரத்தில்

சரி, தலைப்பையே மாற்ற வேண்டும். அது அரபுத் தாளே இல்லை.

இஸ்லாமிய நாடுகளில் செய்த பழைய தாளில் நீர்க்குறி (இப்படி வெளிச்சத்தில் தெரியும் குறி) கிடையாது. நீர்க்குறி இத்தாலியர் தொடங்கிய பழக்கம். ஆண்டும் சேர்த்துப் பொறித்தது என்றால் பெரும்பாலும் இங்கிலாந்துத் தாள். 1794-ல் அங்கே வந்த சட்டப்படி ஆண்டு பொறித்த தாளை ஏற்றுமதி செய்தால் தீர்வையில் சலுகை கிடைத்தது, அதனால் ஆலைகள் ஆண்டைப் பொறித்துத் தள்ளின. கப்பலேறி இந்தியாவுக்கு வந்த தாளில் உங்கள் பூட்டனார் ஃபிக்ஹு எழுதியிருக்கிறார். ஒரு லாபம், நூலின் வயதுக்கு ஒரு பக்க எல்லை கிடைத்துவிட்டது. அந்த ஆண்டுக்கு முன்னால் எழுதியிருக்க முடியாது.

2023 ஜூன் 19

"வேற்று மதத்தார் செய்த தாளில் மார்க்க நூல் எழுதலாமா?" என்று கேட்டவருக்கு: இந்தக் கேள்விக்கு அறுநூறு வயது. 1409-ல், இன்றைய அல்ஜீரியாவிலுள்ள திலிம்ஸான் நகரில், இப்னு மர்ஸூக் என்ற அறிஞரிடம் இதையே கேட்டார்கள். உள்ளூர்க் காகிதப்பட்டறைகள் படுத்துவிட்டன, இத்தாலித் தாள்தான் சந்தையில், அதில் சிலவற்றில் சிலுவை நீர்க்குறி வேறு. அவர் ஒரு நீண்ட ஃபத்வா எழுதினார். முடிவு: எழுதலாம். சிலுவையின் மேல் இறைவன் பெயரை எழுதினால் பொய்யின் மேல் மெய்யை எழுதியதாகும் என்ற போக்கில் வாதம் போகிறது. மார்க்கத் தீர்ப்புதான், ஆனாலும் எனக்கு அதில் தெரிவது பட்டறைகள் மூடிய ஊரின் சந்தை நிலவரம்.

அதற்கு 350 வருடம் முன்பு நிலைமை நேர்மாறு. 1047-ல் லெபனானின் திரிபோலி வழியாகப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரவ், இங்கே சமர்கந்துத் தாளைவிட நல்ல தாள் செய்கிறார்கள் என்று எழுதினார். பிறகு இத்தாலியர் மலிவாகச் செய்யக் கற்று, கற்றுக்கொடுத்தவர்களுக்கே விற்றார்கள். உஸ்மானியத் துருக்கிச் சந்தைக்கென்றே மூன்று பிறை நீர்க்குறி போட்டார்கள். வாடிக்கையாளர் மனம் அறிந்தவர்கள்.

2023 ஜூன் 19, இரவு

கேட்டதற்காக ஒரு வரி: நம் நாட்டிலும் இந்தத் தொழில் வேரூன்றியது. முகமது பின் துக்ளக் தலைநகரை மாற்றியபோது வந்த காகிதக்காரர்கள் தௌலதாபாத் அருகே தங்கிய ஊர் காகஸிபுரா. காஷ்மீருக்கு 15-ஆம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் சமர்கந்திலிருந்து ஆள் வரவழைத்தார் என்பார்கள். இந்தியத் தாளில் சணப்பை நார் நிறைய. ஜெய்ப்பூர் அருகே சாங்கனேரில் காகஸி குடும்பங்கள் இன்னமும் கையால் தாள் செய்கின்றன.

2023 ஜூன் 22

உஸ்மானிய எழுத்தர்களைப் பற்றி யாரோ கேட்டிருந்தீர்கள். அவர்கள் தாளைத் தயார் செய்யும் விதத்தைப் பார்த்தால் நாம் பேப்பர் வாங்கும் விதம் வெட்கமாக இருக்கும். தாளுக்கு முதலில் தேநீர் போன்ற ஏதாவது சாயம், கண் கூசாமலிருக்க. அப்புறம் மாவுக்கஞ்சி. அதன் மேல் முட்டையின் வெள்ளைக்கருவைப் படிகாரம் போட்டு அடித்துப் பூசுவார்கள். காய்ந்ததும் அகேட் கல்லால் தேய்ப்பார்கள், கண்ணாடி போலப் பளபளக்கும்வரை. உடனே எழுதமாட்டார்கள், அடுக்கி வைத்து ஒரு வருடமாவது ஆறப்போடுவார்கள்.

ஈரான் பக்கம் 15-ஆம் நூற்றாண்டில் ஸீமீ நிஷாபூரி என்பவர் எழுதிய குறிப்பில் இன்னும் பல கூட்டு உண்டு. அரிசிக் கஞ்சி, முலாம்பழச் சாறு, இசப்கோல் விதையின் கொழகொழப்பு. மலச்சிக்கலுக்கு நாம் குடிக்கிற அதே இசப்கோல்.

இந்தப் பூச்சின் விளைவு, மை நாருக்குள் இறங்காது, பூச்சின் மேலேயே நிற்கும். பிழை விழுந்தால் ஈர விரலால் துடைத்துவிடலாம். நாக்கால் நக்கி அழிப்பவர்களும் உண்டு. அதனாலேயே அரசாங்கப் பத்திரங்களுக்கு இப்படிப் பூசிய தாளைத் தவிர்த்தார்கள். அழித்துத் திருத்தினால் தடம் தெரிய வேண்டும் அல்லவா? பாக்தாதில் ஹாரூன் அல்ரஷீத் காலத்தில் தோலிலிருந்து தாளுக்கு மாறியதற்கும் எகிப்திய எழுத்தர் கல்கஷந்தி சொல்லும் காரணம் இதுதான். தோலைச் சுரண்டித் திருத்தலாம், தாளைச் சுரண்டினால் காட்டிக்கொடுத்துவிடும்.

பழுது பார்ப்பவர்களுக்கு இதில் தலைவலி இருக்கிறது. பூச்சின் மேல் நிற்கும் கரி மையை ஈரப் பஞ்சால் தொட்டீர்களோ, நானூறு வருட எழுத்து பஞ்சோடு வந்துவிடும். ஐரோப்பிய நூல்களுக்குச் செய்வது போல இவற்றைக் கழுவவே கூடாது.

2023 ஜூன் 22, பின்குறிப்பு

இஸ்தான்புல்லின் சுலைமானியா மசூதிக் கரி பற்றி: 1557-ல் கட்டி முடித்த அந்த மசூதியில், விளக்குகளின் புகை முழுக்க வாசலுக்கு மேலுள்ள ஒரு அறைக்குப் போய்ச் சேரும்படி கட்டடக் கலைஞர் சினான் காற்றோட்டத்தை அமைத்தார், அங்கே படிந்த கரியில் மை செய்தார்கள் என்று சொல்வார்கள். மைக்குப்பியை ஹஜ் போகும் ஒட்டகத்தில் கட்டிவிட்டுக் குலுங்கி வரச் செய்ததாகவும் சொல்வார்கள். கரியும் பிசினும் எவ்வளவு குலுங்குகிறதோ அவ்வளவு நன்றாகக் கலக்கும் என்பது மட்டும் நிச்சயம். ஒட்டகத்துக்குச் சம்பளம் கொடுத்தார்களா என்று கேட்காதீர்கள்.

2023 ஜூன் 26

பச்சைக் கோடு பற்றி ஒருவர் படம் போட்டிருக்கிறார். பாரசீகக் கவிதைப் பிரதி, எழுத்தைச் சுற்றிச் சட்டம் போல் வண்ணக் கோடுகள், பச்சைக் கோடு இருந்த இடத்தில் தாள் வெட்டுப்பட்டிருக்கிறது.

எனக்கு இது பழகிய காட்சி. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு பிரதியைத் திறந்தபோது, ஜன்னல் கதவு கழன்று விழுவதுபோல் எழுத்துப் பகுதி முழுசாகக் கையில் வந்துவிட்டது, ஓரம் மட்டும் புத்தகத்தில் நின்றது. கத்தி வைத்தது போன்ற நேர் வெட்டு, விளிம்பில் காப்பிப்பொடி நிறம். அந்தப் பச்சை செம்புக் களிம்பு. செம்பும் இரும்பைப் போலவே நாரை அரிக்கும். சாதிலிங்கச் சிவப்பு அப்படிச் செய்வதில்லை, பக்கத்திலேயே இருந்தாலும் அந்தக் கோடு நன்றாகவே இருந்தது.

ஆனால் எல்லாப் பச்சையும் இப்படி ஆகவில்லை, அதுதான் சுவாரசியம். மந்தனா பர்கேஷ்லி என்ற ஈரானிய ஆய்வாளர் இதைத் தேடிப் போனார். களிம்போடு கொஞ்சம் குங்குமப்பூ சேர்க்கச் சொல்லும் பழைய குறிப்புகளை எடுத்துச் சோதித்தார். குங்குமப்பூ சேர்ந்த பச்சை தாளை அரிப்பது குறைகிறது என்று கண்டார். பழைய ஓவியர்கள் நிறத்துக்காகச் சேர்த்தார்களா, தாளைக் காக்கத் தெரிந்தே சேர்த்தார்களா? இரண்டும் இருக்கலாம். அவர்களுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் தாத்தா வரைந்த பக்கம் பேரன் கையில் எப்படி இருக்கிறது என்று பார்த்தவர்கள்.

இதையொட்டி நம் ஊர் பைண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மைதாப் பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுகிறீர்கள், பூச்சி வராது என்று. மயில்துத்தமும் செம்புதான். கணக்கு நோட்டுக்குப் பரவாயில்லை. கையெழுத்துப் பிரதியின் முதுகில் அதைத் தடவாதீர்கள்.

2023 ஜூலை 1

லேமினேஷன். இதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன், கோபம் வரும் என்பதால்.

கடையில் செய்யும் சூட்டு லேமினேஷன் பற்றிப் பேசவே வேண்டாம், அது புத்தகத்துக்குப் பிளாஸ்டிக் சவப்பெட்டி. நான் சொல்ல வருவது ஆவணக்காப்பகங்களே செய்தது. செல்லுலோஸ் அசிடேட் படலத்தைத் தாளின் மேல் வைத்து, மெல்லிய டிஷ்யூ போர்த்தி, அசிடோன் தோய்ந்த பஞ்சால் துடைத்தால் ஒட்டிக்கொள்ளும். பெரிய இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம் என்பதால் 1950களில் தேசிய ஆவணக்காப்பகம் உருவாக்கிய இந்த முறை நாடு முழுக்கப் பரவியது. நான் வேலைக்குச் சேர்ந்த நூலகத்தில் அலமாரி அலமாரியாக அப்படிச் செய்து வைத்திருந்தார்கள். மாசிக்காய் மைப் பிரதிகளும் சேர்த்தே. திறந்தால் வினிகர் வாடை. அசிடேட் சிதையும்போது விடும் அமிலம் அது. ஏற்கனவே மையில் இருக்கும் அமிலத்தோடு இதுவும் உள்ளேயே மாட்டிக்கொண்டது. பிரிக்க அசிடோனில் ஊறவைக்க வேண்டும். பொடிந்த எழுத்து படலத்தோடு ஒட்டியிருந்தால் அதோடு போய்விடும். பிரிப்பதா, விடுவதா என்று ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. பல தாள்களை விட்டுவிட்டோம்.

2023 ஜூலை 2

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அன்று செய்தவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. வெள்ளத்திலும் கரையானிலும் கைவிட்டுப் போகவிருந்த தாள்கள் அவை. படலம் இல்லாவிட்டால் சில தாள் இன்று பார்க்கவே இருந்திருக்காது. அவர்களிடம் இருந்த ஆகச் சிறந்த அறிவு அதுதான். இன்று நாம் பெருமையாகப் பூசுவதை நம் பேரப்பிள்ளைகள் என்ன சொல்வார்களோ.

இப்போதைய வழி என்ன என்று கேட்டவர்களுக்கு: 1990களில் நெதர்லாந்தில் ஹான் நேவல், கால்சியம் பைட்டேட் என்ற உப்பை வைத்து ஒரு முறை கண்டார். தவிட்டிலும் விதைகளிலும் உள்ள ஃபைட்டிக் அமிலத்தின் உப்பு அது. அலையும் இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும், கூடவே கால்சியம் பைகார்பனேட் அமிலத்தைச் சமன்படுத்தும். ஆனால் தாளைக் கரைசலில் முக்க வேண்டும். தையல் பிரிக்காமல் புத்தகத்தை முக்க முடியாது, அரபுப் பிரதியில் கரி மையும் கலந்திருந்தால் எழுத்தே கரையும். அதனால் பெரும்பாலான இஸ்லாமியப் பிரதிகளுக்கு இந்த வைத்தியம் ஒத்துவராது. மிக மெல்லிய ஜப்பான் டிஷ்யூவில் முன்னாலேயே ஜெலட்டின் பூசிக் காய வைத்து, தேவையான இடத்தில் மட்டும் துளி ஈரத்தில் உயிர்ப்பித்து விரிசலின் மேல் ஒட்டுவதுதான் இப்போது வழக்கம். ஜெலட்டினும் இரும்பைக் கொஞ்சம் பிடித்துவைக்கும். அப்புறம் அறையின் ஈரப்பதம் ஐம்பது சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும் என்பார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிப்பது கேட்கிறது.

2023 ஜூலை 6

"யா கபீகஜ்" என்று முதல் பக்கத்தில் இரண்டு மூன்று முறை எழுதியிருக்கிறது, யார் அது, எழுதியவரா என்று ஒருவர் கேட்கிறார்.

இல்லை. அது புத்தகக் காவல்காரர். பூச்சிகளின் தலைவன் பெயர் கபீகஜ், அவன் பெயரை எழுதினால் பூச்சி மரியாதை கொடுத்து ஒதுங்கும் என்று நம்பி அரபு, பாரசீகப் பிரதிகளில் எழுதினார்கள், இந்தியாவிலும்தான். ஆடம் காசெக் என்ற சுவடி ஆய்வாளர் இதைப் பற்றி 1980களில் எழுதியிருக்கிறார். கபீகஜ் ஒரு செடியின் பெயரும்கூட. நச்சுத்தன்மையுள்ள ஒருவகைக் காட்டுப்பூ. ஒருகாலத்தில் இலையை உள்ளே வைத்திருப்பார்கள், அப்புறம் செடி கிடைக்காத ஊரில் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

கபீகஜ் பெயருக்கு நடுவிலேயே ஓட்டை விழுந்த பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பூச்சி வெளியூர்.

2023 ஜூலை 9

தாத்தாவின் அரபுத்தமிழ் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) நூலைப் பற்றிக் கேட்ட சகோதரிக்கு. அது கையெழுத்து இல்லை, கல்லச்சு. எழுத்தர் எழுதியதைக் கல்லில் மாற்றி அச்சடித்தது, அதனால் கையெழுத்து மாதிரியே தெரிகிறது. மை எண்ணெய் கலந்த கரி, அதற்கு ஒன்றும் ஆகாது. தாள்தான் பிரச்சினை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழும் படிகாரம்-ரோசின் (மரப்பிசின்) பூச்சும் வந்துவிட்டன, சுண்ணாம்பு மிச்சம் இல்லை, மாறாக அமிலம் உள்ளேயே பிறக்கிறது. அதனால்தான் நூற்று முப்பது வருட நூல் முறுக்கு போல் உடைகிறது. உடையும் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டாமல் ஒரே தடவையாகப் படம் எடுத்து வையுங்கள். இந்தக் கல்லச்சு நூல்கள் கையெழுத்துப் பிரதிகளைவிட அவசரமான கேஸ் என்பது என் கட்சி. கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் நாலு பேர் காப்பாற்ற வருவார்கள். அச்சு நூலைப் பழைய பேப்பர்காரர் எடுத்துப்போகிறார்.

2023 ஜூலை 14

இழையைத் தொடங்கியவர் தனிச்செய்தியில் கேட்டதை இங்கேயே போடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். உறவினர் ஒருவர் ஓலைச்சுவடிக்குத் தடவுவது போல எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பிரதியின் ஐந்தாறு தாள்களில் தடவிவிட்டார், "பளிச்சென்று தெரிகிறது, மற்ற பக்கத்துக்கும் தடவவா?" என்கிறாராம்.

தடவ வேண்டாம், உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஓலை வேறு, தாள் வேறு. ஓலைக்கு எண்ணெய் வளைவு கொடுக்கும், கீறிய எழுத்தில் கரி மங்கியிருந்தால் எடுப்பாகத் தெரியும். தாள் எண்ணெயை உறிஞ்சும். இன்றைக்கு இரண்டு பக்க எழுத்தும் ஒன்றின் மேல் ஒன்று தெரியும். நாளாக ஆகப் பழுப்பேறும், தூசி ஒட்டும், பக்கத்துத் தாளுக்கும் பரவும்.

தடவிய தாள்களுக்கு முன்னும் பின்னும் அமிலமில்லாத வெள்ளைத் தாளை வையுங்கள், அது இல்லாவிட்டால் மை ஒற்றும் தாள். கறை ஏறியதும் மாற்றுங்கள். தேய்க்க வேண்டாம், பவுடர் போட வேண்டாம், வெயிலில் வைக்க வேண்டாம், இஸ்திரிப் பெட்டி வேண்டவே வேண்டாம். எண்ணெயைக் கரைப்பான் வைத்து ஓரளவு எடுக்கலாம், ஆனால் அது சோதனை மேசையும் புகைபோக்கியும் உள்ள இடத்தில், மையைச் சோதித்த பிறகு செய்யும் வேலை. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் அரபு, பாரசீகப் பிரதிகளும் இருக்கின்றன. முதலில் அங்கே ஒரு பிரதியைக் காட்டி விசாரியுங்கள். எடுத்துப் போகும்போது புத்தகத்தைப் படுக்க வைத்து, கீழே கெட்டியான அட்டை கொடுத்து, உதிர்ந்த துணுக்குகளைத் தனி உறையில், எந்தப் பக்கம் என்று பென்சிலால் உறையின் மேல் எழுதி. பேனா வேண்டாம்.